பத்தமடைப் பாய் நெய்யும் பெண்டிர்

பத்தமடைப் பாய் நெய்யும் பெண்டிர்: திருநெல்வேலி மாவட்டத்தில் தாமிரபரணிப் பாசனத்தால் செழித்த பத்தமடை என்னும் ஊரில், ஆற்றங்கரைக் கோரையைப் பட்டிழைபோல் வகிர்ந்து மெல்லிய பாய்களாக நெய்துவரும் பெண்கள், பெரும்பாலோர் லெப்பை முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். இவர்களது கைப்பொருள் ஊரின் பெயரால் கடல் கடந்தும் பிரசித்தி பெற்றிருக்க, நவீன இந்தியக் கலையின் சரித்திரத்தை எழுதிய ஏடுகளில் இவர்களுள் ஒருத்தியையேனும் பெயர் சொல்லிக் குறித்த இடத்தைக் காண்பது மிக அரிது.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், சேரன்மாதேவிக்கு அணித்தாக உள்ள இவ்வூரைத் தாமிரபரணியினின்றும் பிரியும் கன்னடியன் கால்வாய் வளைத்துச் செல்கிறது. ஊரைப்பற்றி எழுதுவோர் பலரும் 1887இல் இங்கே அவதரித்த சுவாமி சிவானந்தரை முதலிலும், பாயை அதனை அடுத்தும் கூறி, பாயை நெய்தவளைக் கூறாமலே முடித்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் வழங்கும் பாய்களை அவற்றின் மூலப்பொருளால் பனையோலைப் பாய், தாழம்பாய், பிரப்பம்பாய், கோரைப்பாய் எனப் பகுப்பது வழக்கம். ஆயினும் செய்யும் முறையால் பகுப்பதே பொருத்தமுடையது. ஏனெனில், ஓலையும் தாழையும் கையால் முடையப்படுவன, கோரையோ பாவும் ஊடையும் கொண்டு தறியில் நெய்யப்படுவது. முடையும் பாயில் ஒரே பொருள் தன்னோடு தானே பின்னிச் செல்வதால், ஓலையின் அகலமும் முடையும் சாய்வும் கோலத்திற்கு எல்லையாகின்றன. நெய்யும் பாயில் நூல் பாவாகவும் கோரை ஊடையாகவும் அமைவதால், ஒவ்வோர் இழையையும் எண்ணி நிறத்தை மாற்றும் சுதந்திரம் நெய்பவளுக்குக் கிடைக்கிறது. எனவே துணி நெசவுக்குரிய சித்திர சாஸ்திரம் முழுவதும் கோரைப்பாய்க்கும் உரியதாகிறது. கோரை என்பது சைப்பரஸ் பேரினத்தைச் சேர்ந்த, நீர்க்கரையில் நெடிது வளரும் ஒரு புல். வயலில் களையாக முளைத்துக் கிழங்கு தரும் சிறு கோரை அதே பேரினத்தினதாயினும் பாய்க்கு உதவாது.

பத்தமடையில் நெய்யப்படுவன முரட்டுப் பாய், நடுத்தரப் பாய், நயமான பாய் என மூவகைப்படும். முதலிரண்டும் வீட்டில் படுக்கவும் பந்தியில் விரிக்கவும் பயன்படுவன. மூன்றாவதைப் 'பட்டுப் பாய்' என்பர்; பாவு பருத்தி நூலாயினும் பட்டு நூலாயினும், தொட்டால் துணியென்றே தோன்றுவதால் இப்பெயர் அதற்குப் பொருந்திற்று. நூற்கணக்கில் 100 முதல் 140 வரை செல்லும் இவ்வகைப் பாயைத் துணிபோல் மடித்துக் கைப்பெட்டியில் அடக்கிவிடலாம். ஒரு பாய் முடியப் பல வாரங்களும், மிக நுண்ணியதாயின் சில மாதங்களும் செல்லும்.

பட்டுப் பாய்க்குரிய கோரை பசுமையாக இருக்கும்போதே அறுக்கப்படுகிறது. அதனை நீளவாக்கில் கத்தியால் வகிர்ந்து, உள்ளிருக்கும் சோற்றைச் சீவி எறிந்து, மேற்றோலை மட்டும் உலர்த்திக் கட்டுகளாகக் கட்டி, ஓடும் நீரில் ஒரு வாரம் வரையில் ஊறப்போடுவர். நீரில் பருத்து இளகிய கோரையை மறுபடியும் உலர்த்தி, மயிரிழையை ஒத்த நார்களாகக் கிழிப்பர். இந்தக் கிழிக்கும் வேலையே பாயின் குணத்தை நிர்ணயிப்பது. தறியில் எத்துணைத் திறமை காட்டினும், நார் சீராக இல்லையெனில் பாய் நயம்படாது. முற்காலத்தில் சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சிச் செந்நிறம் ஏற்றினர். பின்னர் ரசாயனச் சாயங்கள் வந்து சேர்ந்தன. தறியோ தரையை ஒட்டியது. மூங்கிற் கழிகளுக்கிடையே பாவை இழுத்துக் கட்டி, துளையிட்ட மர அச்சின் வழியே நூல்களைச் செலுத்தி, ஊசிபோன்ற நீண்ட குச்சியின் நுனியில் ஒவ்வொரு கோரையிழையாக மாட்டி, பாவின் குறுக்கே நுழைத்து, அச்சால் அடித்து நெருக்குவர். தரையில் அமர்ந்து குனிந்தே செய்யவேண்டிய இவ்வேலை, சமைத்தல், பிள்ளை வளர்த்தல், தொழுகை ஆகியவற்றின் இடையிடையே, வீட்டுத் தாழ்வாரத்தில் நடைபெற்று வந்தது. கோரையைக் கொண்டுவருதலும் பாயை விற்றுவருதலும் பெரும்பாலும் ஆண்களுக்குரியன. ஆதலால், வாங்குவோர் கண்டதும் கணக்கில் ஏறியதும் ஆண்களின் பெயரே.

இப்பாய்களின் சித்திர அமைப்பு எளிமையில் சிறந்தது. நடுப்பரப்பைக் கோரையின் இயற்கைப் பொன்னிறத்திலேயே விட்டு, இரு தலைப்பிலும் ஓரங்களிலும் செம்மை, கருமை, பச்சை ஆகிய பட்டைகளையும் கட்டங்களையும் அடக்கமாக அமைப்பது தொன்றுதொட்ட மரபு. இதற்கு வரைபடத்தை எதிரே வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை. இழையின் கணக்கு தாயிடமிருந்து மகளுக்கு மனத்தின் வழியாகவே வந்தது. திருமணப் பாயில் மணமக்களின் பெயரையும் மணநாளையும் நெய்து தருவது இவ்வூரின் தனிச் சிறப்பு. முஸ்லிம் பெண்கள் நெய்த பாய்மீது இந்து மணமக்கள் அமர்வது தாமிரபரணிக் கரையில் வியப்புக்குரிய செய்தியன்று. பெயர் நெய்யும் இவ்விடத்தில்தான் இப்பெண்களின் படைப்பாற்றல் முழுமையாகப் புலப்படுகிறது. தமிழ் நெடுங்கணக்கு சுழிகளும் வளைவுகளும் நிறைந்தது. தறியோ நேர்கோட்டையன்றி வேறொன்றையும் அறியாதது. ணகரத்தின் சுழிகளையும் ழகரத்தின் வளைவையும் குறுக்கிழைப் படிகளாகப் பிரித்து, படிப்பவர் தடுமாறாவண்ணம் மீண்டும் எழுத்தாக்கித் தருபவளை எழுத்துருச் சிற்பி என்று அழைப்பதில் மிகை சிறிதும் இல்லை.

இக்கலையின் தோற்றத்தை ஊரில் வழங்கும் வரலாறு ஹசன் பாவா லெப்பை என்ற முன்னோர் ஒருவருக்கு உரியதாக்குகிறது. நயமான பாயை முதன்முதல் நெய்தவர் அவரே என்பர். முதல் பாய் எவர் கையில் பிறந்ததாயினும், நாரைக் கிழிப்பதும் நெய்வதும் வீட்டிற்குள்ளே பெண்களின் பொறுப்பாயிருந்தமையின், அதனைக் கலையாக வளர்த்தவர்கள் பெண்களே என்று கொள்வதே முறை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் லெப்பைகளின் தொழில்களுள் ஒன்றாகக் கோரைப்பாய் நெசவு குறிக்கப்பட்டிருக்கிறது; சமூகத்தின் பெயரும் தொழிலின் பெயரும் பதிவாயின, நெய்தவளின் பெயருக்கு அங்கே இடமில்லை. 1953இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்குப் பெயர் பொறித்த பத்தமடைப் பாய் ஒன்று காணிக்கையாகச் சென்றது என்று ஊரார் பெருமையுடன் கூறுவர். அக்கதையிலும் அரசியின் பெயர்தான் நிலைத்தது.

கலை வேறு, கைத்தொழில் வேறு என்ற பாகுபாடே இப்புறக்கணிப்பிற்கு மூலகாரணம். சென்னைக் கலைப் பள்ளி 1850இல் தொடங்கிற்று. அதன் முதல்வராக விளங்கிய கே. சி. எஸ். பணிக்கர் 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார். எழுத்தையும் குறியையும் சித்திரமாக்கிய அவரது 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை 1963 முதல் வெளிவந்து, அப்பள்ளியைச் சார்ந்து எழுந்த சென்னைக் கலை இயக்கத்தின் சிகரமெனப் பாராட்டப்பெற்றது. அப்பாராட்டு தகுதியுடையதே. ஆனால், எழுத்தைச் சித்திரமாக்கும் காரியம் தாமிரபரணிக் கரை வீடுகளில் நடந்துவந்ததை அவ்வியக்கத்தின் வரலாற்றோடு சேர்த்து எண்ணுவார் இலர். அதே பள்ளியில் பயின்று இளவயதிலேயே, 1969இல், மறைந்த ஓவியர் டி. கே. பத்மினியும், சிற்பி அனிலா ஜேக்கப்பும் கூட ஆண் கலைஞர்களுக்கு அடுத்த வரிசையிலேயே நெடுங்காலம் வைத்துப் பேசப்பட்டனர். கலாசாலையின் வாயிலை மிதித்தவர்களுக்கே இந்நிலை எனில், தாழ்வாரத்தில் அமர்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

மேல்நாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஜெர்மனியில் 1919இல் தோன்றிய பௌஹௌஸ் கலாசாலை, ஆண் பெண் பேதமில்லை என்று அறிவித்தும், பெண்களைப் பெரும்பாலும் நெசவுப் பட்டறைக்கே அனுப்பிற்று. கண்ணாடிச் சித்திரம் பயில விரும்பிய ஆனி ஆல்பர்ஸ் அவ்வாறு நெசவுக்கு வந்தவரே. பிற்காலத்தில், 1949இல், நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அவரது நெசவுகளுக்கெனத் தனிக் கண்காட்சி நடத்திற்று. நெசவாளர் ஒருவருக்கு அங்கே கிடைத்த முதற் பெருமை அது. இந்தியாவில் 1952இல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியமும், அதனை நடத்திய கமலாதேவி சட்டோபாத்யாயரும் கைவினைகளைக் காக்க அரும்பாடுபட்டனர். 1965 முதல் தேர்ந்த கைவினைஞர்க்குத் தேசிய விருதுகளும் வழங்கப்பட்டன. ஆயினும் 'கைவினைஞர்' என்ற பெயரோடு 'கலைஞர்' என்ற பெயர் இன்னும் வந்து சேரவில்லை.

பத்தமடைப் பாய்க்கு 2012-2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் சந்தையைப் பிடித்துக்கொண்டமையால் பட்டுப் பாய் நெய்வோர் தொகை சுருங்கிவிட்டது. கோரையில் கைப்பை முதலியனவும் இப்போது செய்யப்படுகின்றன. மணமக்கள் பெயர் தாங்கிய பாய் சொல்லிவைத்தவர்க்கு நெய்து தரப்படுகிறது.