ஈடிபஸ் நாடகத்தில் பெயரில்லாத ஒருவர்



கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றால் நமக்குக் கற்பிக்கப்படுவது அரச குடும்பங்களின் கதை. மகளைப் பலியிடுவதா, படையைக் கைவிடுவதா என்று அகமெம்னான் தவிக்கிறான். அரசாணையை மீறித் தன் உடன்பிறந்தவனின் பிணத்துக்கு மண் தூவுகிறாள் ஆன்டிகனி. அறச்சிக்கல் என்று பாடப்புத்தகம் காட்டுவது இவர்களுடைய சிக்கலைத்தான். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் ஒரு கிழவர். மந்தை மேய்த்தவர். அடிமை. சோஃபோக்ளிஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் கடைசிப் பகுதியில் வந்து, சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போகிறார். நாடகாசிரியர் அவருக்குப் பெயர் வைக்கவில்லை.

அந்தக் கிழவரை நான் 'அவர்' என்றும் மன்னனை 'அவன்' என்றும் சொல்லப்போகிறேன். நம் மொழியில் அதற்கு வசதி இருக்கிறது.

கதை உங்களுக்குத் தெரியும். தீப்ஸ் நகரத்தின் அரசன் லாயஸுக்குப் பிறக்கும் மகன் அவனைக் கொல்வான் என்று தெய்வவாக்கு. குழந்தை பிறந்ததும் கணுக்கால்களைத் துளைத்துக் கட்டி, மலையில் போட்டுவிடச் சொல்கிறார்கள். சொல்வது அரசகுடும்பம், செய்ய வேண்டியது வீட்டு அடிமை. குழந்தையை அவர் கையில் கொடுத்தவள் பெற்ற தாயான யொகாஸ்டாவேதான் என்பதை அவர் வாயாலேயே பிற்பாடு கேட்கிறோம்.

சந்தையில் வாங்கப்பட்டவர் அல்ல அவர், அந்த வீட்டிலேயே வளர்ந்தவர். கித்தெரோன் மலையில் மந்தை மேய்த்தபோது கொரிந்த் நகரத்து மேய்ப்பன் ஒருவன் பழக்கமானான். மூன்று ஆண்டுகள், வசந்தம் தொடங்கி ஆறு ஆறு மாதம், இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மேய்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் குழந்தையை அவனிடம் கொடுத்துவிடுகிறார். வேறு தேசத்துக்குப் போய்விடும், பிழைத்துக்கொள்ளும் என்ற எண்ணம். ஏன் கொடுத்தாய் என்று கேட்கும்போது அவர் சொல்லும் காரணம் இரக்கம்.

இங்கே நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அரசனின் கட்டளை, தெய்வத்தின் எச்சரிக்கை, மீறினால் தன் உயிர்: இவை ஒரு பக்கம். கையில் அழும் பச்சைக்குழந்தை மறுபக்கம். இதைவிடக் கூர்மையான அறச்சிக்கல் அந்த நாடகத்தில் வேறு யாருக்கும் வரவில்லை என்பது என் கருத்து. ஈடிபஸ் தெரியாமல் செய்தான். இவர் தெரிந்தே ஒரு முடிவெடுத்தார். அந்த முடிவு இல்லையென்றால் நாடகமே இல்லை.

அரிஸ்டாட்டில் இதைப் பார்க்கவில்லை. 'கவிதையியல்' நூலில் சிறந்த துன்பியல் நாடகத்துக்கு உதாரணமாக அவர் திரும்பத் திரும்ப எடுப்பது ஈடிபஸைத்தான். நாயகன் பெரும்புகழும் செல்வாக்கும் உள்ள குடும்பத்தவனாக இருக்க வேண்டும் என்கிறார். அதே நூலில், அடிமையிடமும் நல்ல குணம் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சிலேயே அடிமை மொத்தத்தில் இழிந்தவன் என்கிறார். 'அரசியல்' நூலில் இன்னும் வெளிப்படை: ஆராய்ந்து முடிவெடுக்கும் திறன் பெண்ணுக்கு உண்டு, ஆனால் அதற்கு அதிகாரம் இல்லை, சிறுவனுக்கு உண்டு, ஆனால் முதிரவில்லை, அடிமைக்கு அது அறவே இல்லை. அவர் மெச்சிய நாடகமோ ஓர் அடிமை ஆராய்ந்து எடுத்த முடிவின்மேல் நிற்கிறது.

அவருடைய சங்கடம் குழந்தையோடு முடியவில்லை. லாயஸ் முச்சந்தியில் கொல்லப்பட்டபோது உடன் போனவர்களில் உயிர் தப்பியவர் இவர் ஒருவர்தான். கொள்ளையர் கூட்டம் கொன்றது என்று ஊருக்குச் சொன்னவரும் இவரே. கொன்றவன் ஒருவன். திரும்பி வந்து பார்த்தால் அரியணையில் ஈடிபஸ். யொகாஸ்டாவின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார், என்னை ஊர் கண்ணில் படாத மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பிவிடுங்கள் என்று. அவள் அனுப்புகிறாள். அத்தனை ஆண்டுகள் அவர் சுமந்த மௌனத்தைப் பற்றி நாடகத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இனி விசாரணைக் காட்சி. கொரிந்த்காரன் உற்சாகமாக எல்லாவற்றையும் கொட்டுகிறான். இவர் அவன் வாயை அடக்கப் பார்க்கிறார். மன்னன் பொறுமை இழக்கிறான். மரியாதைக்குச் சொல்லாவிட்டால் அழுதுகொண்டு சொல்வாய் என்ற தொனி. கிழவனை வதைக்காதீர்கள் என்று இவர் மன்றாட, கைகளைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்லி ஆணை வருகிறது.

சுமார் கி.மு. 429இல் இந்த நாடகத்தைப் பார்த்த ஏதென்ஸ் குடிமகனுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. ஏதென்ஸ் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சியம் பொதுவாக வதைத்து வாங்கினால்தான் செல்லும். சுதந்திரமானவன் சத்தியம் செய்து பேசுவான். அடிமையின் உடலிலிருந்து உண்மையைப் பிழிந்தெடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் புரிதல். ஹெரோடிஸ் என்பவரின் கொலை வழக்குக்காக ஆன்டிஃபோன் எழுதிய வாதுரை இன்றும் கிடைக்கிறது. அதில் ஓர் அடிமை வருகிறார். வதைக்கப்படும்போது குற்றம்சாட்டப்பட்டவனைக் காட்டிக்கொடுக்கிறார், தன்னை எப்படியும் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் சொன்னது பொய் என்கிறார், கொல்லப்படுகிறார். அவருக்கும் அந்த உரையில் பெயர் இல்லை.

சோஃபோக்ளிஸ் இந்த அமைப்புக்கு வெளியே நின்றவர் அல்ல. கி.மு. 441இல் பெரிக்ளிஸுடன் படைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவர் அடிமைமுறையைக் கண்டித்தார் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் நாடகக்காரனின் கண் அவருக்கு இருந்தது. வதைத்து வாங்கும் உண்மை கடைசியில் வதைக்கச் சொன்னவன் தலையிலேயே விழும்படி அமைத்திருக்கிறார். கண்களைக் குத்திக்கொண்டு வெளியே வரும் ஈடிபஸ், தன் கால்கட்டை அவிழ்த்துக் காப்பாற்றியவன் யாராயினும் நாசமாகட்டும் என்று சபிக்கிறான். அதற்குள் கிழவர் மேடையில் இல்லை. அவருக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

மற்ற நாடகங்களிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஈஸ்கிலஸின் 'ஒரெஸ்டியா'வில் (கி.மு. 458) ஓர் ஆயா, பெயர் கிலிஸ்ஸா. சிலீசியாக்காரி என்று அர்த்தம். பெயர்கூட அல்ல, எங்கிருந்து வந்த சரக்கு என்ற முத்திரை. ஒரெஸ்டஸ் செத்தான் என்று கேட்டு, அவனுக்குத் துணி அலசிய நாள்களைச் சொல்லிப் புலம்புபவள் அவள். பெண்ணையும் அடிமையையும் மேடையில் பேசவைத்தேன் என்று யூரிபிடிஸ் பெருமையடிப்பதாக 'தவளைகள்' (கி.மு. 405) நகைச்சுவை நாடகத்தில் அரிஸ்டோஃபனிஸ் கிண்டல் செய்கிறார். கிண்டல் என்றாலும் சான்றுதான்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. கிரேக்க அடிமைமுறையும் தீண்டாமையும் ஒன்றல்ல. ரோமானிய அடிமைமுறையைத் தீண்டாமையோடு ஒப்பிட்டு எழுதிய பாபாசாகேப் அம்பேத்கர், இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. தீண்டாமையே கொடியது என்று வாதிட்டார். தீப்ஸ் அரசி தன் அடிமையிடம் குழந்தையைக் கையோடு கை கொடுக்கிறாள். அடிமை அரசியின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். அந்த இரண்டு தொடுதல்களையும் கவனித்துப் படியுங்கள்.

ஆராயும் திறன் இல்லாதவர்கள் என்று அரிஸ்டாட்டில் எழுதுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, கி.மு. 413இல், ஸ்பார்ட்டா படை ஏதென்ஸுக்கு வடக்கே டெசிலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. அப்போது 20,000க்கும் அதிகமான அடிமைகள் ஏதென்ஸைவிட்டு ஓடிப்போனார்கள் என்கிறார் தூசிடிடிஸ். பெரும்பகுதி கைத்தொழில் தெரிந்தவர்கள். சோஃபோக்ளிஸ் அப்போது எண்பது கடந்து அந்த நகரத்தில் உயிரோடு இருந்தார். அந்தப் போரில் சிக்கிய அடிமைகளை மலிவு விலைக்கு வாங்கிக் குவித்தவர்கள் தீப்ஸ்காரர்கள் என்று, பாப்பிரஸில் துண்டுதுண்டாகக் கிடைத்த இன்னொரு வரலாறு சொல்கிறது. தூசிடிடிஸ் எண்ணிக்கையைத் தருகிறார். எந்த இரவில், யாரோடு கலந்துபேசி, யாரை விட்டுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள் என்று அவர் எழுதவில்லை.