கட்டைவிரல் சொல்லும் கதை

(தலைப்பு: 'இன்றைய வாழ்வில் நமக்குப் பாதுகாப்புத் தருவது கண்காணிப்பா? நம்பிக்கையா?' – 'நம்பிக்கையே!' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! எதிரணியிலே வீற்றிருக்கும் காவல் தெய்வங்களே! வீட்டைச் சரியாகப் பூட்டினோமா இல்லையா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் சொன்னார், "மூலைக்கு மூலை காமிரா வையுங்கள், திருட்டு ஒழிந்துவிடும்" என்று. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலே வைத்தார்கள். முதல் வாரமே ஆள் அகப்பட்டுக்கிட்டார். யார் தெரியுமா? சர்க்கரை வியாதிக்கார மாமனார்! ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கையிலே மைசூர்பாகு டப்பா! (பலத்த சிரிப்பு) வீடே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "என் வீட்டிலேயே என்னைச் சந்தேகப்படறாங்களேப்பா" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் சரித்திரத்துக்குள்ளே போகிறேன்.

வள்ளுவர் கண்காணிப்பு வேண்டாம் என்றா சொன்னார்? இல்லை. 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஆனால் எங்கே வைத்தார்? பொருட்பாலிலே, அரசியலிலே வைத்தார். இல்லறவியலிலே வைக்கவில்லை ஐயா! (கைதட்டல்) அதிலும் ஒற்றன் சொன்னதை அப்படியே நம்பாதே, இன்னொரு ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார். வேவு பார்ப்பதற்கும் ஒரு வேலி போட்டவர் வள்ளுவர்.

அந்த வேலியைத் தாண்டினால் என்ன ஆகும்? இந்தக் கட்டைவிரல் சொல்லும். இன்றைக்கு ரேஷன் கடையிலே விரல் வைக்கிறோம். ஆபீஸிலே விரல் வைக்கிறோம். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? 1858-ல், வங்காளத்திலே, ஜங்கிப்பூரிலே. வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலை போடச் சரக்கு கொடுக்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தம் எழுதினார். பின்னாலே 'இது என் கையெழுத்தே இல்லை' என்று சொல்லிவிட்டால்? ஒப்பந்தத்திலே அவர் உள்ளங்கையை அப்படியே பதிய வைத்தார். ஆரம்பமே அவநம்பிக்கை! (சிரிப்பு)

1897-ல் கல்கத்தாவிலே கைரேகைப் பிரிவே வந்துவிட்டது. ரேகைகளை வகை பிரிக்கும் முறைக்கு மூளையைக் கொடுத்தவர்கள் அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பெயர் கிடைத்தது எட்வர்ட் ஹென்றிக்கு. அது வேறு சங்கடம்!

இதற்கு முன்னாலேயே, 1871-ல், குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றை வடக்கே கொண்டுவந்தார்கள். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சட்டத்தின் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். குற்றம் தெரியும், பரம்பரை தெரியும். இரண்டையும் எப்படி ஐயா சேர்த்தீர்கள்? அப்பன் செய்யாத குற்றத்துக்கு மகனைப் பதிவு செய்கிற சட்டம்! குறவர் முதலாகப் பல சமூகங்கள் சிக்கின. மதுரைப் பக்கத்திலே பிறமலைக் கள்ளர் சிக்கினார்கள். வயது வந்த ஆண் ரேகை வைக்க வேண்டும். ராத்திரி சொன்ன இடத்திலே வந்து படுக்க வேண்டும். வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். புது மாப்பிள்ளைக்கும் அதேதான்! ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேகைச் சட்டம்'.

இதிலே ஒரு வேதனை என்ன தெரியுமா? இவர்களிலே பலர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்காவல் பார்த்தவர்கள். காவல் காத்தவனையே காவலில் வைத்தார்கள்!

எதிரணி கேட்கலாம்: "அந்தக் காவலிலே மிரட்டல் இல்லையா? குடியானவர்கள் பயப்படவில்லையா?" நியாயமான கேள்வி. பயந்தார்கள். 1890-களில் திண்டுக்கல் வட்டாரத்துக் குடியானவர்கள் அந்தக் காவல் முறையை எதிர்த்துக் கிளம்பியது உண்மை. பயம் பொய்யில்லை. ஆனால் பயத்துக்கு மருந்து என்று சொல்லி, தப்பு செய்தவனையும் செய்யாதவனையும் ஒரே நோட்டுப் புத்தகத்திலே எழுதினார்களே, அதுதான் தப்பு.

1920, ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். "ரேகை வைக்க மாட்டோம்" என்றது ஊர். போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவள் அவள் என்று ஊரார் சொல்வார்கள். கட்டைவிரலில் மை தடவ மறுத்ததற்கு விலை, 16 உயிர். (அமைதி)

அந்த ஜனங்களுக்காக வாதாடினார் மதுரை வக்கீல் ஜார்ஜ் ஜோசப். முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போராடினார். சென்னை மாகாணத்திலே 1947-லும், நாடு முழுக்க 1952-லும் சட்டம் ஒழிந்தது.

நடுவர் அவர்களே, ஒன்று கேட்கிறேன். அதே 1920-களிலே அதே அரசாங்கம் அந்த ஊர்களிலே கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிக்கூடம் திறந்தது, கூட்டுறவுச் சங்கம் வைத்தது. தலைமுறையை முன்னேற்றியது எது? ரேகைப் புத்தகமா? பிள்ளை கையிலே கொடுத்த சிலேட்டா? (பலத்த கைதட்டல்)

திருடனைப் பிடிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. குற்றம் நடந்த இடத்திலே ரேகை எடுத்தால் அது சாட்சி. பிறந்த இடத்தைப் பார்த்து ரேகை எடுத்தால் அது விலங்கு. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்களே, அந்த உரிமையின் அருமை பெருங்காமநல்லூருக்கு 1920-லேயே தெரியும்.

தெருவுக்குக் காமிரா வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் புதிதாகக் குடிவந்தவன், வடக்கேயிருந்து வேலைக்கு வந்த பையன், பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா... இவர்கள் முகத்தைப் பார்த்ததும் நம் மனசுக்குள்ளே ஒரு காமிரா சுழல்கிறதே, அதை முதலில் அணையுங்கள். அது ஓடுகிற வரைக்கும் எத்தனை பூட்டு போட்டாலும் நமக்குத் தூக்கம் வராது.

அந்த மாமனார் வீட்டிலே இப்போது என்ன ஆச்சு? மருமகள் காமிராவைக் கழற்றவில்லை. மைசூர்பாகு டப்பாவை அவர் கையிலேயே கொடுத்து, "மாமா, நீங்களே பார்த்துக்குங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் தொடவில்லை. (சிரிப்பு, கைதட்டல்) பாதுகாப்புத் தருவது நம்பிக்கையே என்று சொல்லி அமைகிறேன்.