குடியம் குகைகள்

குடியம் குகைகள் திருவள்ளூர் மாவட்டம் ஊத்துக்கோட்டை வட்டத்தில், அல்லிக்குழி மலைத்தொடரின் காப்புக்காட்டுக்குள் அமைந்துள்ள தொல்பழங்காலப் பாறை ஒதுக்கிடங்கள். கூடியம் என்றும் எழுதுவர். பூண்டி நீர்த்தேக்கத்திற்கு வடமேற்கே உள்ள குடியம் சிற்றூரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்துதான் இவற்றை அடைய முடியும். இம்மலைகளில் 16 ஒதுக்கிடங்கள் அறியப்பட்டுள்ளன. பார்வையாளர்கள் பெரும்பாலும் சென்று காண்பவை இரண்டு. பழங்கற்கால மனிதர்கள் தங்கிய இடமாகவும், கருவி செய்யக் கல் எடுத்த இடமாகவும் இப்பகுதி விளங்கியதால், இந்தியத் தொல்லியலில் இதற்குத் தனி மதிப்பு உண்டு.

அமைவிடம்

கொசஸ்தலை ஆறு திருவாலங்காடு, மணவூர் வட்டாரத்தைக் கடந்து பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. திருத்தணிப் பக்கத்து நந்தியாறும் ஆந்திரத்திலிருந்து வரும் நகரியாறும் வழியில் அதனுடன் கலக்கின்றன. இந்த ஆற்றுப்படுகையின் வடகரையில், ஆந்திர எல்லையை ஒட்டி அல்லிக்குழிக் குன்றுகள் நிற்கின்றன. அவை பெரிய மலைகள் அல்ல. களா, காரை, சூரை போன்ற முட்புதர்கள் அடர்ந்த வறண்ட காடு அவற்றைப் போர்த்தியிருக்கிறது.

இவ்வட்டாரத்தில் தொல்லியல் தடங்கள் நெருக்கமாக உள்ளன. இவ்வாற்றுவெளியில் அதிரம்பாக்கம், வடமதுரை ஆகிய பழங்கற்கால இடங்கள் இருக்கின்றன. திருவள்ளூர்–திருத்தணி சாலையிலுள்ள பட்டரைப்பெரும்புதூரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2015–16-இல் அகழாய்வு செய்து, பழங்கற்காலம் முதல் வரலாற்றுக் காலம் வரையிலான சான்றுகளை வெளிக்கொணர்ந்தது. குடியத்தைத் தனித்த ஒரு குகையாகக் கொள்ளாமல், இந்த ஆற்றுவெளியின் மலைப்பகுதியாகக் காண்பதே பொருத்தம்.

பாறையும் குகையும்

அல்லிக்குழிக் குன்றுகள் கூழாங்கல் திரள் பாறையால் ஆனவை. 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கிரிட்டேசியஸ் காலத்தில், நீரோட்டம் உருட்டிக் கொண்டுவந்த கற்கள் மணலோடும் களிமண்ணோடும் படிந்து இறுகி இப்பாறை உருவாயிற்று. கற்களில் பெரும்பாலானவை குவார்ட்சைட் எனும் உறுதியான கல்வகை. திருத்தணி, மணவூர்ப் பக்கத்து மக்களுக்குக் கண்ணெதிரே தெரியும் நகரி மலைகளும் இதே கல்வகையைச் சேர்ந்தவையே.

மழையும் கசியும் நீரும் இப்பாறையின் மென்மையான இணைப்புப் பொருளை அரிக்கும்போது, உள்ளிருக்கும் கற்கள் உதிர்கின்றன. அடிப்பகுதி உள்வாங்க, மேற்பகுதி கூரைபோல் முன்நீட்டி நிற்கிறது. ஆகவே குகை என்று வழங்கினாலும் இவை ஆழமான பொந்துகள் அல்ல. முகப்பு அகன்று திறந்த ஒதுக்கிடங்கள். சுவரிலும் கூரையிலும் உருண்டைக் கற்கள் பதிந்திருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்.

மனிதர்கள் இங்கு வந்ததன் காரணமும் இந்தக் கற்களே. குவார்ட்சைட்டைச் சரியான கோணத்தில் தட்டினால் கூர்விளிம்புள்ள செதில் உடைந்து வரும். ஏற்ற அளவிலான கற்கள் மலையடிவாரமெங்கும் உதிர்ந்து கிடந்தன. நிழல், ஓடைநீர், வேட்டை விலங்கு, கருவிக்கான கல் ஆகிய நான்கும் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் கிடைத்த நிலம் இது.

கண்டுபிடிப்பு

1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் அலுவலர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னை பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் துணைக்கண்டத்தில் பழங்கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு அடையாளம் காணப்பட்ட முதல் சான்று அது. பிரான்சின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த கைக்கோடரிகள் தொன்மையான மனிதரின் படைப்பே என்று 1859-இல்தான் அறிஞர்கள் ஏற்றுக்கொண்டிருந்தனர். அந்தச் செய்தி உலகைப் பரபரப்பாக்கிய நான்கே ஆண்டுகளில் தமிழ் மண்ணின் சான்று வெளிப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஃபூட்டும் அவருடைய சக அலுவலர் வில்லியம் கிங்கும் அதிரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டனர். அதைத் தொடர்ந்த தேடலில் அல்லிக்குழி மலைக் குகைகளும் ஃபூட்டின் கவனத்துக்கு வந்தன. அவர் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொல்பொருள்களைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904-இல் விலைக்கு வாங்கியது.

அகழாய்வு

1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் ஆய்வுத்துறையின் கே. டி. பானர்ஜி குடியத்திலும் அதிரம்பாக்கத்திலும் அகழாய்வு நடத்தினார். குடியத்தில் அச்சூலியன் எனும் கைக்கோடரி மரபின் பிற்பகுதிக் கருவிகள் தொடங்கி நுண்கற்கருவிகள் வரை வரிசையாகக் கிடைத்தன. மனிதர்கள் நெடுங்காலம் தொடர்ந்து இங்கே குடியிருந்ததற்கு அடையாளம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வந்து, சில காலம் தங்கிச் சென்றிருக்கிறார்கள் என்பது அவ்வகழாய்வு தந்த சித்திரம்.

குடியத்தில் எலும்புகள் கிடைக்கவில்லை. அதற்கு மண்ணின் தன்மையும் ஒரு காரணம். இப்பகுதியின் செம்பொறை மண்ணில் எலும்பு எளிதில் கரைந்துவிடும். அதிரம்பாக்கத்தில் மாட்டினம், குதிரையினம், ஆட்டினம் சார்ந்த மூன்று விலங்குப் பற்கள் பிற்காலத்தில் கிடைத்தது அதனால்தான் பெரிதாகப் போற்றப்படுகிறது.

கருவிகள்

இவ்வட்டாரக் கருவிகளை மூன்று கட்டங்களாகப் புரிந்துகொள்ளலாம்.

அச்சூலியன் கட்டத்தின் முதன்மைக் கருவி கைக்கோடரி. ஒரு கல்லின் இருபுறமும் செதில்களைத் தட்டியெடுத்து, நீள்துளி வடிவில் ஒரு முனையைக் கூராக்குவார்கள். அகன்ற வெட்டுவிளிம்புடைய வெட்டுக்கருவிகளும் இதனோடு கிடைக்கும். தென்னிந்தியாவில் பரவிய இந்த மரபை ‘மதராசியன்’ என்றே தொல்லியலாளர் குறித்துவந்தனர்.

இடைப் பழங்கற்காலத்தில் கருவிகள் சிறுத்தன. முதலில் மூலக்கல்லின் மேற்பரப்பைத் திட்டமிட்டுச் சீர்செய்து, பிறகு ஒரே தட்டலில் விரும்பிய வடிவச் செதிலைப் பெறும் லெவல்லோய்ஸ் நுட்பம் இக்கட்டத்தின் அடையாளம். அடுத்தடுத்த தட்டல்களின் விளைவை முன்கூட்டியே மனத்தில் கண்டாலன்றி இதைச் செய்ய இயலாது.

கடைசிக் கட்டத்தின் நுண்கற்கருவிகள் விரல்நுனி அளவே ஆனவை. மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பு, கத்தி போன்ற கூட்டுக்கருவிகளாக அவை பயன்பட்டன.

அதிரம்பாக்கம் தந்த காலக்கணிப்பு

சர்மா மரபுக் கல்வி மையத்தின் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் அதிரம்பாக்கத்தில் 1999 முதல் மேற்கொண்ட அகழாய்வு, குடியத்தையும் புதிய வெளிச்சத்தில் காணவைத்தது. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்சைட் கருவிகளில் எஞ்சியிருந்த அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய ஐசோடோப்புகளை அளந்து, அச்சூலியன் படிவுகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தனர். இடைப் பழங்கற்காலக் கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு தோன்றிவிட்டன என்ற முடிவு 2018-இல் வெளிவந்தது. இந்தியாவில் அந்தக் கட்டம் மிகப் பிந்தித் தொடங்கியது என்று நிலவிய கருத்தை அது அசைத்தது.

சென்று காணுதல்

மணவூர், திருத்தணிப் பக்கமிருந்து வருவோர் அரக்கோணம்–சென்னை இருப்புப்பாதையில் திருவள்ளூரில் இறங்கிப் பூண்டிக்குப் பேருந்தில் செல்லலாம். பூண்டியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கருவிகளைப் பார்த்துவிட்டு மலைக்குச் செல்வதே நல்லது. கைக்கோடரியின் வடிவம் கண்ணில் பதிந்தால்தான் காட்டுப் பாதையில் கிடக்கும் உருண்டைக் கல்லுக்கும் மனிதன் தட்டிய கல்லுக்கும் வேறுபாடு புலப்படும்.

காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி பெற்றே நுழைய வேண்டும். பாதை நெடுகக் கூழாங்கற்கள் உருளும், கிளைவழிகள் குழப்பும். குடியம் ஊரிலிருந்து வழி தெரிந்தவர் ஒருவரை உடன் அழைத்துக்கொள்வது அவசியம். கனத்த காலணியும் போதுமான குடிநீரும் தேவை. மார்கழி, தை மாதங்கள் ஏற்றவை. சித்திரை, வைகாசி வெயிலில் இம்மலை கொதிக்கும். பெரிய குகையின் கூரையில் மலைத்தேனீக்கள் கூடு கட்டுவதுண்டு. புகை, பட்டாசு, உரத்த கூச்சல் ஆகியவை அவற்றைக் கலைத்து உயிருக்கே ஆபத்தாகும். ஊர்மக்கள் குகையில் அம்மனை வழிபடுகிறார்கள். அவர்களுக்கு இது இன்றும் வாழும் வழிபாட்டிடம்.

நடு அமெரிக்கக் காடுகளில் மறைந்துள்ள மாயா நகரங்களில் கோபுரமும் கல்வெட்டும் வருவோரை எதிர்கொள்ளும். 1957-இல் தொல்லியலாளர் வாகண்கர் கண்டறிந்த மத்தியப் பிரதேசத்துப் பிம்பேட்காவில் பாறை ஓவியங்கள் கதை சொல்லும். குடியத்தின் பெருமை கருவிகளில் இருக்கிறது. மலை, உதிர்ந்த கல், ஓடை, தூரத்து ஆறு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு இது ஈடில்லாத இடம்.

பாதுகாப்பு

கீழே கிடக்கும் ஒரு கல்லை நினைவுப்பொருளாக எடுத்துச் செல்வதே குடியத்துக்குப் பார்வையாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய கேடு. காப்புக்காட்டிலிருந்து கல் எடுப்பது குற்றம் என்பதோடு, கிடந்த இடத்தை விட்டுப் பெயர்ந்த கருவி தன் சான்றுமதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். எந்த அடுக்கில், எந்தக் கற்களோடு, எந்த ஆழத்தில் இருந்தது என்பதே அதன் வயதையும் பயனையும் சொல்கிறது. அதிரம்பாக்கத்தின் 15 லட்சம் ஆண்டுக் கணக்கு சாத்தியமானது, அங்கே அடுக்குகள் குலையாமல் இருந்ததால்தான்.

1960-களில் குடியம் அகழப்பட்டபோது, இப்படிவுகளின் வயதை நேரடியாக அளக்கும் இன்றைய முறைகள் எதுவும் இல்லை. இனி வரும் முறைகள் இவற்றையும் விஞ்சக்கூடும். தோண்டப்படாமல் இருக்கும் ஒதுக்கிடங்களின் மண்ணில் தென்னிந்திய மனித வரலாற்றின் சில பக்கங்கள் இருக்கலாம். சுவரில் பெயர் கிறுக்காமலும், தரையில் நெருப்பு மூட்டாமலும், கல்லைப் புரட்டாமலும் திரும்பி வரும் ஒவ்வொருவரும் அந்த ஆய்வுக்குப் பங்களிக்கிறார்.