குலுக்கலும் கோவையும்: ஷஃபிள் பொத்தான் மீதான ஐயம் குறித்து

புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்த் திருவிழாக்களில் விடியும் முன்பே ஒலிபெருக்கி பாடத் தொடங்கிவிடும். பென் டிரைவில் நூறு பக்திப் பாடல்கள் இருக்கும். சவுண்ட் சர்வீஸ்காரர் பாடல்களைக் கலைத்துப் போடும் ஷஃபிளைத் தட்டிவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவார். பாடகி எல்.ஆர். ஈசுவரி பாடி முடித்ததும் மறுபடி அவரே, அதற்கடுத்தும் அவரே. "ஏம்ப்பா, வேற பாட்டே இல்லையா?" என்பார் ஒரு பெரியவர். "மாத்தித்தான் போட்டிருக்கேன் சித்தப்பா" என்ற பதிலை அவர் நம்பமாட்டார். இருவரில் யார் சொல்வது சரி? இருவருமே சரி என்பதும், 'மாத்தி' என்ற ஒரே சொல்லுக்கு அவர்கள் இரு வேறு பொருள் கொள்கிறார்கள் என்பதும் இக்கட்டுரையின் வாதம். ஒன்று குலுக்கல், அதாவது எதேச்சையாக எடுப்பது; மற்றது கோவை, அதாவது தேர்ந்து அடுக்குவது.

முதலில் கருவியின் குறையை ஒதுக்கிவிடலாம். தவறாக எழுதப்பட்ட மென்பொருள்கள் உண்டு. மூன்று பாடல்களை ஆறு வரிசைகளில் அடுக்கலாம். ஆனால் ஒவ்வோர் இடத்திலுள்ள பாடலையும் மூன்று இடங்களில் ஏதேனும் ஒன்றோடு மாற்றிக்கொண்டே போனால் 27 வழிகள் கிடைக்கும். 27 ஆறால் வகுபடாது. ஆகவே சில வரிசைகள் கூடுதலாக வந்தே தீரும். இப்பிழை நேராத முறையைப் புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938-இல் தந்தனர். 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி அமைத்தார். இன்னொரு குறை, போட்ட பாடலை நினைவில் வைக்காமல் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்வது. அப்படிச் செய்தால், நூறு பாடல்கள் இருந்தும், முதல் 13 பாடல்களுக்குள் ஏதேனும் ஒன்று திரும்ப வருவதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல்.

இவ்விரண்டையும் சரிசெய்த பிறகும் பெரியவரின் முறையீடு நிற்காது. பத்துப் பாடகர்கள், ஆளுக்குப் பத்துப் பாடல்கள் என்று கொள்வோம். ஒரு பாடல் முடிந்ததும் எஞ்சிய 99-இல் ஒன்பது அதே பாடகருடையவை. நூறு பாடல்களுக்கிடையே 99 இணைப்புகள் உள்ளன. எனவே பிழையற்ற குலுக்கலில், ஒரே பாடகர் அடுத்தடுத்து வருவது சராசரியாக ஒன்பது முறை நிகழும். அது ஒருமுறைகூட நிகழாவிட்டால்தான் குலுக்கலை ஐயுற வேண்டும். ஆனால் நீண்ட ஓட்டத்தில் மட்டுமே புலப்படும் சமநிலையைச் சிறு கூறிலும் எதிர்பார்ப்பது மனித இயல்பு. உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1971-இல் இதைச் சுட்டிக்காட்டினர்.

இந்த எதிர்பார்ப்பை வெறும் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இசை என்பதே தேர்ந்து அடுக்குவது. குடுமியான்மலை மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், 7 அல்லது 8-ஆம் நூற்றாண்டின் பல்லவ கிரந்த எழுத்தில் உள்ள இசைக் கல்வெட்டு, கிராம இராகங்கள் எனப்படும் ஏழு பண்டைய இராகங்களுக்கு ஏழு பகுதிகளாகச் சுரங்களை நான்கு நான்காகக் கோத்துத் தருகிறது. உருத்திராச்சாரியாரின் மாணவரான ஓர் அரசர் மாணாக்கர் நலனுக்காக ஆக்கியது அது. ஏழு சுரப் பெயர்களைச் சீட்டில் எழுதி, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டு நான்கு முறை எடுத்தால் 2,401 கூட்டுகள் சாத்தியம். அவற்றில் நான்கும் வெவ்வேறாக அமைபவை 840, அதாவது 35 விழுக்காடு. மீதி எல்லாவற்றிலும் ஏதேனும் ஒரு சுரம் மீண்டும் வரும். சீட்டு அறியாத இராகப் பொருத்தத்தைக் கல்வெட்டின் கோவை அறியும். கச்சேரியிலும் ஒரே இராகத்தை அடுத்தடுத்துப் பாடுவதைத் தவிர்க்கிறோம். பெரியவரின் காது கேட்பது இந்தக் கோவையைத்தான்.

நிறுவனங்களும் இதை உணர்ந்துகொண்டன. 2005-இல் ஆப்பிள், ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வருவதைக் கூட்டவோ குறைக்கவோ ஐடியூன்ஸில் வசதி செய்தது. 2014-இல் ஸ்பாட்டிஃபை, ஒரே பாடகரின் பாடல்கள் பட்டியல் நெடுகப் பரவி வருமாறு தன் ஷஃபிளை மாற்றியதை விளக்கியது. குலுக்கலைக் குறைத்ததும் குலுக்கல் கூடியதாகக் கேட்பவருக்குத் தோன்றியது.

இது ஏமாற்று அல்லவா என்று கேட்கலாம். குலுக்கலோடு விதியைச் சேர்ப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) கூறும் குடவோலையில், ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரமறியாச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆனால் வெறும் குலுக்கலை மட்டும் அவர்கள் நம்பவில்லை. குடும்பு எனப்படும் ஊர்ப் பிரிவுக்கு ஒருவராக முப்பது குடும்புகளுக்கும் இடம் கிடைத்தது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவரின் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. முன்னது பரவல் விதி. பின்னது மறுவரவுத் தடை. இன்றைய ஷஃபிள் செய்வதும் இவ்விரண்டையே.

வேறுபாடு ஒன்று உண்டு. உத்திரமேரூரில் விதி சுவரில் வெட்டப்பட்டிருந்தது. ஓலை எடுப்பது சபை கூடியிருக்க நடந்தது. தன் பெயர் வராதவரும் ஏன் வரவில்லை என்று அறிய முடிந்தது. ஷஃபிளில் விதி பொத்தானுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. எனவே நேர்த்தியான குலுக்கலையும் கேட்பவர் சதி என்கிறார். கவனமாக அடுக்கிய கோவையையும் குலுக்கல் என்று நம்புகிறார். குலுக்கல், கோவை என்று இரண்டு பொத்தான்கள் வைத்தால் போதும். சவுண்ட் சர்வீஸ்காரர் எதைத் தட்டினார் என்று தெரிந்தால், மூன்றாவது எல்.ஆர். ஈசுவரிக்கு யாரைக் கேட்பது என்பதாவது பெரியவருக்குத் தெரியும்.