புகையில்லா அடுப்பும் ஒரு விரிசலும்

நம்ம மதுரைப் பக்கம் கிராமத்து வீடுகள்ல அடுப்படிச் சுவரு கரி பிடிச்சுக் கிடக்குறதைப் பாத்திருப்பீங்க. அந்தப் புகை சுவத்தோட நிக்கல, சமைக்கிற அப்பத்தாக்களோட நெஞ்சுக்குள்ளயும் போயிருக்கு. இதை ஒழிக்க நடந்த முயற்சியைப் பத்திதான் இந்தப் பதிவு.

1934ல் காந்தி ஆரம்பிச்ச அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினவர் நம்ம தஞ்சாவூர்க்காரர் ஜே.சி.குமரப்பா. (கடைசிக் காலத்துல இவர் இருந்தது மதுரைக்குப் பக்கத்துல டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துல.) அந்தச் சங்கம் 1947 வாக்குல கொண்டு வந்ததுதான் 'மகன் சூல்ஹா'. மகன்னா புள்ளை இல்லீங்க, மகன்லால் காந்தியோட பேரு :) அப்புறம் ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி.ராஜு, 1953ல் புகையில்லா சமையலறை பத்தி ஒரு புத்தகமே போட்டார். ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான்: மூடின மண் அடுப்பு, கூரைக்கு மேல போற குழாய்.

குழாய் எப்படிப் புகையை இழுக்குது? உள்ள இருக்குற சூடான காத்து வெளிக் காத்தை விட லேசு, அதனால மேல ஏறும். அந்தச் சூடு குறையவே கூடாது. அடுப்பும் குழாயும் சேர்ற இடத்துல விரிசல் விட்டா, குளிர்ந்த காத்து உள்ள புகுந்து இழுவை செத்துரும். வெறும் தகரக் குழாயும் சீக்கிரம் ஆறிடும். புகை உள்ளயே கரியும் தாருமா ஒட்டி வழியை அடைச்சிடும். குளிர் நாடுகள்ல பழைய புகைபோக்கிக்குள்ள எஃகுக் குழாய் இறக்கி, சுத்தி வெர்மிகுலைட் கொட்டுறது சூட்டைக் காப்பாத்தத்தான். நம்ம ஊர்ல அந்த வேலையை மண் பூச்சு செய்யணும்.

எங்க சாஃப்ட்வேர்லயும் இதே கதைதான். ரெண்டு மாட்யூல் தனித்தனியா ஒழுங்கா ஓடும், சேர்ற இடத்துலதான் பக் :)

1980கள்ல மத்திய அரசு தேசிய அடுப்புத் திட்டம் கொண்டு வந்துச்சு. 2002ல் முடியுறதுக்குள்ள மூணு கோடிக்கு மேல அடுப்பு வச்சாங்க. ஆனா வச்சதை எண்ணின அளவுக்கு, விரிசலை யாரும் எண்ணல. ஒடிசாவுல புகைபோக்கி அடுப்புகளை நாலு வருஷம் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு 2016ல் வெளியாச்சு. முதல் வருஷம் சமைக்கிறவங்க சுவாசிச்ச புகை குறைஞ்சுது. அப்புறம் பலன் காணோம். காரணம், ஒழுங்காப் பயன்படுத்தவும் இல்ல, பராமரிக்கவும் இல்ல.

கேஸ் வந்தும் விறகடுப்பு இன்னும் போகல. குழாய் இருக்குற வீட்டுல புகை எந்த இடத்துல கசியுதுன்னு பாருங்க. ஒரு கை களிமண் குழைச்சு அங்க பூசுங்க. அப்படியே குழாய்க் கரியையும் தட்டி விடுங்க.