மேனி நிறமும் ஆடை நிறமும்: செவ்ரலின் நிறமாறுபாட்டு விதி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எந்நிற ஆடை எவரது மேனிக்குப் பொருந்தும் என்னும் வினா இன்று மிகச் சாதாரணமானது. துணிக்கடையிற் சேலையைத் தோள்மீது இட்டுக் கண்ணாடியை நோக்குபவரும், பின்னலுக்குக் கம்பளி நூல் தெரிபவரும் அவ்வினாவையே எழுப்புகின்றனர். மனிதரின் அழகுணர்ச்சியோடு உடன்பிறந்த வினா இதுவெனப் பலர் கருதுவர். ஆயின், பொதுமக்கள் அனைவரும் இவ்வினாவை எழுப்புவதற்கு மூன்று நிபந்தனைகள் நிறைவேறவேண்டியிருந்தன. விரும்பிய நிறத்தை அணிவதற்குச் சட்டம் இடந்தரல் வேண்டும். பல்வேறு நிறங்கள் எளியோர்க்கும் எட்டும் விலையிற் கிடைத்தல் வேண்டும். பொருத்தம் என்பது யாது என விளக்கும் கொள்கையொன்று தோன்றல் வேண்டும். ஐரோப்பாவில் இம்மூன்றும் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்கும் இடையிலேயே ஒன்றுகூடின. அவ்வரலாற்றின் நடுநாயகமாக விளங்கிய ஓர் இரசாயன அறிஞரின் ஆய்வையும், அவ்வாய்வு சமூக மதிப்பீடுகளோடு கலந்த விதத்தையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவதாகச் சட்டத்தை நோக்குவோம். நிலமானிய ஐரோப்பாவில் ஆடை ஒருவரது தரத்தை அறிவிக்கும் அடையாளமாக இருந்தது. இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டுச் சட்டம் வருவாய்க்கும் குலத்துக்கும் ஏற்ப எவரெவர் எத்தகைய துணியை உடுக்கலாம் என வரையறுத்தது. முதலாம் எலிசபெத்தின் 1574ஆம் ஆண்டுப் பிரகடனம் ஊதாப் பட்டினை அரச குடும்பத்தினருக்கும் உயர்குடிப் பெருமக்கள் சிலருக்கும் மட்டுமே உரியதாக்கியது. இத்தகைய சமுதாயத்தில் ஒருவர் எழுப்பக்கூடிய வினா, இந்நிறத்தை அணியும் உரிமை எனக்கு உண்டா என்பதேயாம். இங்கிலாந்து இச்சட்டங்களை 1604இற் கைவிட்டது. பிரான்சிலோ புரட்சிக்காலத் தேசியப் பேரவை 1793 ஒக்டோபர் 29ஆம் நாள், தத்தம் பாலுக்குரிய ஆடைகளுள் விரும்பியதை அணியும் சுதந்திரம் எல்லோர்க்கும் உண்டு எனப் பிரகடனஞ் செய்தது. உரிமை பற்றிய வினா ஒழிந்த இடத்திலேயே பொருத்தம் பற்றிய வினா பிறந்தது எனலாம்.

இரண்டாவதாகக் கொள்கையின் தோற்றம் நோக்கற்பாலது. பாரிசு நகரிலுள்ள கோபிலின் நெசவகம் அரசுக்குரிய சித்திரத் திரைச்சீலைகளை நெய்வது. அதன் சாயத் தொழிற்பகுதிக்கு 1824இல் இயக்குநராக நியமிக்கப்பட்டவர் மிசேல் இயூசின் செவ்ரல் (1786 - 1889). கொழுப்பமிலங்கள் பற்றிய ஆராய்ச்சியால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த இரசாயன அறிஞர் அவர். பதவியேற்றதும் அவரை எதிர்நோக்கியது நெசவாளரின் முறைப்பாடு. நீல ஆடைகளின் மடிப்புகளையும் ஊதா ஆடைகளின் மடிப்புகளையும் காட்டுதற்கு நெய்யப்பட்ட கறுப்பு நூல் வலுவற்று மங்கித் தோன்றுகிறது என அவர்கள் குறைகூறினர். சாயத்தின் குற்றமாகலாம் என ஐயுற்ற செவ்ரல், பிரான்சினதும் பிறநாடுகளினதும் புகழ்பெற்ற சாயச்சாலைகளிலிருந்து கறுப்புக் கம்பளி நூல்களைப் பெற்றுத் தம் நூலுடன் ஒப்பிட்டார். கோபிலினின் கறுப்பு அவற்றுக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததாக இல்லை. குற்றம் நூலில் இல்லை. அதன் அருகே அமைந்த நிறத்தினால் அது வேறாகத் தோன்றுகிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இம்முடிவை அவர் 1828இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின்முன் எடுத்துரைத்து, 1839இல் விரிவான நூலாக வெளியிட்டார். அவரது விதி சுருக்கமானது. இரு நிறங்களை அருகருகே ஒருங்கே காணும்போது அவற்றிடையே உள்ள வேறுபாடு இயன்றவரை மிகுந்து தோன்றும். வெளிறியது கடும் நிறத்தின் அருகில் மேலும் வெளிறும். கடியது மேலும் கடுமையாகும். அன்றியும், ஒவ்வொரு நிறமும் தன் நிரப்பு நிறத்தின் சாயலை அயலிலுள்ளதன்மீது ஏற்றும். சிவப்பு பச்சையையும், செம்மஞ்சள் நீலத்தையும், மஞ்சள் ஊதாவையும் நிரப்பு நிறங்களாக உடையன.

விதியின் நடைமுறைப் பயனுக்கு ஓர் உதாரணம் காட்டலாம். துணி வணிகர் சிலர் சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்து அவற்றிற் கறுப்புக் கோலங்களைப் பதிக்கும்படி அச்சிடுவோரைப் பணித்தனர். துணி திரும்பியபோது சிவப்பின்மேல் உள்ள கோலம் பச்சையாகவும், நீலத்தின்மேல் உள்ளது செம்பு நிறமாகவும் இருப்பதாகக் கூறிப் பிணக்குற்றனர். செவ்ரல் வெள்ளைத் தாளைக் கோல வடிவில் வெட்டித் துணியின் நிறத்தை மறைத்துக் காட்டினார். எஞ்சித் தெரிந்த கோலம் கறுப்பாகவே இருந்தது. கண்ணாற் கண்டதே மெய் என வாதிட்டோர்க்கு, கண் ஒப்பிட்டே காண்கிறது என்பதை அத்தாள் உணர்த்திற்று.

இவ்விதியை அவர் பெண்களின் உடைக்கும் பிரயோகித்தார். முகத்தருகே அமையும் துணி முகத்தின்மீது தன் நிரப்பு நிறத்தை ஏற்றும் ஆதலின், இளஞ்சிவப்புத் துணி இளஞ்சிவப்பு முகத்தின் செழுமையைக் குறைக்கும் என்றார். செம்மை குறைந்த வெண்மேனிக்கு இளம்பச்சை நன்று. அது முகத்திற்குச் செம்மையை ஈயும். வெளிர்நீலம் பொன்னிறக் கூந்தலார்க்கும், மஞ்சள் கருங்கூந்தலார்க்கும் ஏற்றன. ஊதாவோ முகத்திற்கு மஞ்சட் சாயலைத் தருதலின் மேனிக்கு மிகக் குறைந்த நன்மையே பயக்கும். முகத்தை வெண்மையாகக் காட்டும் அளவுக்கு அது கடும் ஊதாவாக இருப்பின் மட்டும் விலக்களிக்கலாம் என்றார்.

இவ்விறுதி விலக்கினையே நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். கடும் நிறத்தின் அருகில் முகம் வெளிறித் தோன்றும் என்பது விஞ்ஞானம். வெளிறித் தோன்றுதல் நன்மை என்பது விஞ்ஞானமன்று. அது அக்காலப் பாரிசுச் சமூகத்தின் மதிப்பீடு. நூலில் இவ்விரண்டும் ஒரே வாக்கியத்தினுள் ஒரே குரலிற் பேசுகின்றன. வெண்மேனியைப் பொன்னிறக் கூந்தல், கருங்கூந்தல் எனப் பிரித்து நுணுகி ஆராயும் நூல், செப்பு நிற மேனியினரையும் கறுப்பு அல்லது ஒலிவ நிற மேனியினரையும் சில வரிகளிலேயே கூறி முடிக்கின்றது. நுட்பம் ஒருசாரார்க்கும் தொகுப்பு மற்றையோர்க்கும் உரியதாயிற்று.

மூன்றாவது நிபந்தனையாகிய மலிவான நிறத்தை நிறைவேற்றியது இரசாயனக் கைத்தொழில். 1856இல் இலண்டனில் பதினெட்டு வயதினரான வில்லியம் ஹென்றி பேர்க்கின், குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது அனிலினிலிருந்து ஊதாச் சாயமொன்றைப் பெற்றார். 1859இல் பிரான்சில் மஜென்டாச் சாயம் தோன்றியது. 1868இல் யேர்மனிய அறிஞர் மஞ்சிட்டியின் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. ஒருகால் அரச குடும்பத்திற்கென ஒதுக்கப்பட்ட ஊதா, சாதாரணப் பெண்களின் உடையிலும் இடம்பெற்றது. இங்கு சுவையான முரண்பாடு ஒன்றுண்டு. மேனிக்கு ஒவ்வாதவற்றுள் ஒன்றென செவ்ரல் ஒதுக்கிய அவ்வூதாவே 1858ஐ அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய நாகரிகத்தின் நிறமாயிற்று. அவ்வாண்டு தன் மகளின் திருமணத்தில் விக்டோரியா மகாராணியார் அந்நிறம் அணிந்திருந்தார். எது பொருத்தம் என்பதைத் தீர்மானிப்பதில் விதியினும் சந்தைக்கும் அரசவைக்கும் வலிமை மிகுதி என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொள்கை புதிய வடிவுகளைப் பெற்றது. சுவிற்சர்லாந்து ஓவியர் யொகானஸ் இற்றன், தம் மாணவர் தாமே இணக்கமெனத் தெரிந்த நிறங்கள் அவரவர் மேனியோடும் இயல்போடும் தொடர்புற்றிருந்தமையை 1928இல் அவதானித்தார். அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் 1980இல் வெளியிட்ட நூல், மனிதரை நான்கு பருவகாலங்களின் பெயரால் வகுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய நிறங்களை விதித்தது. வெள்ளையர் நான்கு பருவங்களிலும் பரந்திருக்க, ஆபிரிக்க, ஆசிய இனத்தவருட் பெரும்பாலோர் மாரி என்ற ஒரே வகுப்பில் அடக்கப்பட்டனர். செவ்ரலின் நூலிற் கண்ட அதே நுட்பமும் அதே தொகுப்பும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டின் பின்னரும் மாறவில்லை.

இவ்வரலாறு எமக்கும் அயலானதன்று. கறுத்த மேனியினர் வெண்ணிறமோ பளிச்சிடும் நிறங்களோ அணியலாகாது என்ற அறிவுரை எம்மிடையேயும் வழங்குகின்றது. ‘சிவலை’, ‘பொதுநிறம்’ என்னும் சொற்கள் திருமணப் பேச்சுகளில் வெறும் வருணனைகளாக அன்றி விலைமதிப்பீடுகளாகவும் பயில்கின்றன. அவ்வறிவுரையை விதியின் ஒளியிற் சோதித்துப் பார்க்கலாம். வெண்துணியின் அருகே கறுத்த முகம் மேலும் கறுத்துத் தோன்றும் என்பது உண்மை. அது குறையாகும் என்பதற்கு விதியில் எவ்வித ஆதாரமும் இல்லை. கருமையை அழகெனக் கொள்வோர் அதே விதியை ஏற்று, அதே காரணத்துக்காகவே வெண்ணிறத்தை விரும்பித் தெரிவர்.

எனவே, ஆடை நிறம் பற்றிய அறிவுரை எதுவாயினும் அதனை இரு கூறாகப் பகுத்து நோக்குதல் கற்றோர் கடனாகும். நிறங்கள் அருகமையும்போது நிகழ்வது யாது என்பது ஒன்று. அந்நிகழ்வை நன்றெனவும் தீதெனவும் தீர்ப்பவர் யாவர் என்பது மற்றொன்று. முன்னதைச் செவ்ரலிடம் நன்றியுடன் கற்கலாம். பின்னதைத் தீர்மானிக்கும் உரிமை அவ்வாடையை உடுப்பவர்க்கே உரியது. அணியும் சுதந்திரத்தைச் சட்டம் 1793இல் வழங்கியது. அணிந்தபின் தன் மேனியைத் தன் கண்ணாலேயே காணும் சுதந்திரத்தை எச்சட்டமும் வழங்க இயலாது; அது நாமே ஈட்டவேண்டியது.