சீக்குக் கோழியும் வரித்தலை வாத்தும்

உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிகிறவனைச் 'சீக்குக் கோழி' என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த உவமைக்குப் பின்னால் ஒரு கொள்ளைநோயின் வரலாறு இருக்கிறது. கழுத்து திருகி, வெள்ளையாய்க் கழிந்து, ஓர் ஊரின் கோழிகளை ஒரே வாரத்தில் வாரிக்கொண்டு போகும் நோயை நம் மக்கள் வெள்ளைக்கழிச்சல் என்றனர். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட அந்நோய், அடுத்த ஆண்டே குமாவோன் மலையிலுள்ள இராணிக்கேத்தில் தென்பட்டது. உலகம் நியூகாசில் என்றது. இந்தியா இராணிக்கேத் என்றது. நோய்க்குப் பெயர் கொடுத்ததால் எந்த ஊருக்கும் பெருமை வந்ததில்லை.

கோவில்பட்டி வட்டாரம் போன்ற மானாவாரிச் சீமையில் கோழி என்பது பெண்களின் சிறுவாடு. பருத்தியும் கம்பும் பொய்த்த ஆண்டில் பள்ளிக்கூடச் செலவோ, வைத்தியச் செலவோ கூடைக்குள்ளிருந்துதான் வரவேண்டும். அந்த இழப்பு எந்த அரசுக் கணக்கிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் எச்5என்1 உறுதிப்பட்டபோது, 'பறவைக் காய்ச்சல்' என்ற சொல் நம் தேநீர்க் கடைகள் வரை வந்தது. நோய் நாமக்கல்லுக்கு வரவில்லை, ஆனாலும் அங்கே முட்டை விலை சரிந்தது. இரண்டு நோய்களும் ஒன்றே என்று கருதியவர்கள் அன்று பலர். கோழி சாகும் விதத்தைப் பார்த்தால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனால் இரண்டு கிருமிகளின் அமைப்பும் வேறு. இராணிக்கேத் கிருமியின் மரபுச் செய்தி அறுபடாத ஒரே இழை. அதில் கிளைகள் பல இருந்தாலும் எதிர்ப்புச் சக்தியின் கண்ணுக்கு அவை ஒன்றே. ஆகவே ஒரு தடுப்பு மருந்து பெரும்பாலும் போதுகிறது. புறக்கடைக் கோழிகளுக்குத் தீவனம்போல் கொடுக்கத்தக்க குருணை மருந்தையே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியது. பறவைக் காய்ச்சல் கிருமிக்கோ எட்டுத் துண்டுகள். இரு வகைக் கிருமிகள் ஒரே வாத்தின் குடலில் சந்தித்தால் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் துண்டுகள் மாறிக்கொள்ளும். பறவைகளில் மட்டும் எச் புரதம் 16 வகை, என் புரதம் 9 வகை. காட்டு வாத்துகளில் இவை பெரும்பாலும் சாதுவாகக் குடியிருப்பவை. எச்5, எச்7 வகைகள் நெருக்கடியான கோழிப் பண்ணைக்குள் புகுந்த பிறகு, எச் புரதம் வெட்டுப்படும் இடத்தில் சிறு மாற்றம் நேர்ந்தால், குடலோடும் மூச்சுக்குழலோடும் நின்ற கிருமி உடலெங்கும் பரவும் வல்லமை பெறுகிறது.

இன்று உலகைச் சுற்றும் எச்5 கிருமிகளின் எச் மரபணு, 1996இல் சீனாவின் குவாங்டோங்கில் ஒரு பண்ணை வாத்திடம் கண்டெடுக்கப்பட்ட கிருமியின் வழி வந்தது. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி, அறுவரைக் கொன்றது. 2005இல் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் வரித்தலை வாத்துகளே மிகுதி.

இங்கேதான் நம் சீமை கதைக்குள் வருகிறது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திலும் தங்குகின்றன. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்து வந்தனர். வீட்டுவாசல் மரங்களில் நாரைகள் கூடு கட்டும். எச்சம் கலந்த குளத்து நீர் வயலுக்கு உரமாகும். சிங்ஹாய்க்குப் பிறகு வலசைப் பறவையை நோய்த்தூதனாகப் பேசும் போக்கு வலுத்தது. அது பாதி உண்மை. பின்னர் வந்த எச்5என்8 போன்றவற்றைக் காட்டுப் பறவைகள் கண்டம்விட்டுக் கண்டம் சுமந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கிருமி கொடியதானது பண்ணையில். வண்டியேறிப் பரவியது கோழிச் சந்தையில். 2014 நவம்பரில் குட்டநாட்டில் மடிந்தவையும் அறுவடை வயல்களில் மேய்க்கப்பட்ட வளர்ப்புத் தாராக்களே. 2021 ஜனவரியில் அதே ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் எச்5என்8 திரும்பி வந்தபோதும் கொன்று புதைக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவைதாம்.